வடிகானில் ஒரு வளைவு

அரசடியில் அரசு நின்றிருக்கும்.
புளியந்தீவில் புளி.
நாவற்குடாவில் இன்னும் சில நாவல் நிற்பதாகக் கேள்வி.
இலந்தைக்கென்று இந்த நகரத்தில்
ஒரு பஸ் தரிப்பிடம்கூட இல்லை.

ஆனாலும் நிற்கிறது.
திருமலை வீதியில்
ட்ரான்ஸ்போமருக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவே
ஆளொருவர் பக்கவாட்டில் நுழையுமளவு மண்ணில்.
பஸ் ஜன்னலால் எவரோ துப்பியது,
இல்லையென்றால் கொண்டைக்குருவியின் எச்சம்.
பூத்தால் ஒருமாதிரி மணம். இலையான் மொய்க்கும்.

மின்சார சபைக்காரர் வருசத்துக்கு இரண்டு தரம்
கம்பிக்குக் கீழே தலையைச் சீவிவிட்டுப் போவார்கள்.
அது பக்கத்தால் தழைக்கும்.
காற்றடித்தால் இலைகள் கிறுகி
வெள்ளை முதுகைக் காட்டும்.
கணுவுக்கு இரண்டு முள்:
ஒன்று நேர்,
ஒன்று கொக்கி.

மாநகர சபையில் படம் வரைபவள் நான்.
புதிய வடிகானுக்குக் கோடு போட்டது இந்தக் கை.
மரமென்றால் ஒரு வட்டம் போடவேண்டும்.
சுற்றளவு காணாவிட்டால் வட்டமில்லை.
நாடா பிடித்து அளந்தேன்,
நான்கு அங்குலம் போதவில்லை.
அடிமட்டம் வைத்து
அதன் மேலாகவே இழுத்தேன் கோட்டை.

தை மாதம், மழை விட்டும் விடாமலும்.
பெக்கோ ஓட்ட வந்த லோகிதன்
பகல் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு
அதன் கீழேதான் குந்தினானாம்.
பார்சலில் மிஞ்சிய சம்பலில் தொட்டு
ஒரு பழம்,
மறுகா இன்னொன்று.
இரண்டிலொன்றில் புழு இருக்கும்.
பிளந்து பிளந்து பார்த்துத் தின்றிருக்கிறான்.

நாங்கள் பார்வையிடப் போன அன்று
கொங்கிரீட் இறுகிவிட்டிருந்தது.
நேரே வந்த கான்
இலந்தையருகே இரண்டு முழம் விலகி
மறுபடி என் கோட்டில் ஏறியிருந்தது.

"இதென்ன வளைவு?"
பொறியியலாளர் என்னைக் கேட்டார்.
நான் லோகிதனைப் பார்த்தேன்.
அவன் வாய்க்குள் ஒரு கொட்டையை
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினான்.
"ஒள்ளுப்பம் கிறுகிப்போச்சு சேர்."

படத்தைத் திருத்தினேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மேசை தெரிந்தது.

பழம் புளிப்புத்தான். இனிப்பென்று பொய் சொல்லமாட்டேன்.
அரைவாசி கானில் விழுந்து வாவிக்குப் போகிறது.
மீதிக்கு டியூசன் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள்;
போன கிழமை போன் கடைக் கண்ணாடி சரி.

இந்தச் சனியனை வெட்டித் தரும்படி
கடைக்காரர் மீராலெவ்வை எழுதிய கடிதம்
காலையில் என் மேசைக்கு வந்தது.
இடது மூலையில் முகவரி,
அழுத்தமான நீல எழுத்தில்:
இலந்தையடி,
திருமலை வீதி.