கம்பின் நீளம்

எட்டடி மூங்கில். மாங்காய் பறிக்க வாங்கியது.
தொரட்டியைக் கழற்றிவிட்டு
நுனியில் வளையம் கட்டி, அதில் பாட்டிலை வைத்தேன்.
பதினோரு மணி நேரம் போல
எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவில்
இருந்தது அதுதான்.

படகைத் தொடக் கூடாது. என்னையும் தொடக் கூடாது.
தொட்டால் கணக்கு அத்தோடு முடிந்தது என்றார்
பார்வையாளர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

எனக்கு நீச்சல் தெரியாது.
தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்,
வேப்பனப்பள்ளி ரோட்டில் ஒரு நாளைக்கு ஏழு நடை.
தண்ணீரை எனக்கு எடையாகத்தான் தெரியும்.
வளைவில் பிரேக் போட்டால்
முதுகில் கை வைத்துத் தள்ளும்.

மாதம்மாள் அதன்மேல் படுத்துப் பழகியவள்.
ஜெகதேவிக்கு மேற்கே, கம்பெனி கைவிட்ட குவாரியில்
மூன்று வருஷ மழை நின்ற பள்ளம்.
கரைக்குக் கரை அறுபது மீட்டர்.
கரையா அது, கம்பி போட்டு அறுத்த கருங்கல் சுவர்.
ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு மாங்கொட்டை நகர்த்துவேன்.
ஐந்நூறு கொட்டை என்றால் இலங்கை.
முந்நூற்று எழுபதில் ஒருநாள்
ஆடு வந்து கலைத்துவிட்டது.
"மொதல்லேர்ந்து எண்ணு" என்றாள்,
சுவரை உதைத்துத் திரும்பியபடி.

சீசனில் கூழ் கம்பெனியில் இரவு ஷிப்ட்.
பெங்களூரா மாம்பழத்தின் மூக்கை அரிந்து தள்ளி
ஈரத் தரையில் பத்து மணி நேரம் நிற்பாள்.
குளிர் அறையில் டிரம் அடுக்க ஆள் கேட்டால்
முதல் கை அவளுடையது.
குளிர் பழகணுமாம்.
சூப்பர்வைசர் ஓவர்டைம் என்று எழுதிக்கொண்டார்.

முதல் தடவை
தலைமன்னாரில் நடுராத்திரி இறங்கினாள்.
இருபத்தாறாவது கிலோமீட்டரில்
சொறிமுட்டை கழுத்தோடு இழுத்தது.
நீரோட்டமும் மாறி, ஒரு மணி நேரம்
இருந்த இடத்திலேயே நீந்தினாள்.
பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.
"டிரம் எத்தனை ஆச்சு?" என்றாள்.
திரும்பவும் அதையே கேட்டாள்.
உதடு நாவல்பழ நிறம்.
கம்பைப் போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டேன்.

ராமநாதபுரம், மதுரை, சேலம். பேச்சே இல்லை.
தொப்பூர் கணவாய் ஏறும்போது
"இன்னும் நாலு கிலோமீட்டர்" என்றாள்.
"தெரியும்" என்றேன்.
"தெரிஞ்சுமா தொட்ட?"
அதற்குப் பதில்
இன்றைக்கும் என்னிடம் இல்லை.

குடத்தோடு வரிசையில் நின்றவள் கேட்டாள்:
"வாயில வெக்க முடியாத தண்ணிக்கா
அவ்ளோ தூரம் போயிட்டு வந்தீங்க?"
மாதம்மாள் சிரித்துவிட்டாள்.
எங்கள் போர் தண்ணீர் காவியேற்றிய பல் அத்தனையும் தெரிய.

லாரித் தவணையை இரண்டு மாதம் தள்ளி
மறு மார்ச்சில் போனோம்.
உப்புப் போட்ட மாம்பழக் கூழ், அரை மணிக்கு ஒருமுறை.
மல்லாந்து குடித்துவிட்டு பாட்டிலை வீசுவாள்.
நிமிடத்துக்கு அறுபத்து நாலு கை.
இருபத்தாறு தாண்டியதும்
படகுக்கார கென்னடியிடம்
என் இரண்டு கையையும் கம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன்.
விளையாட்டு என்று நினைத்தார்.
கட்டினார்.

அரிச்சல்முனையில் முட்டி போட்டாள்.
அப்புறம் எழுந்தாள்.
கால் முழுக்க ஈரம் தாண்டி வரணும் என்பது விதி.
வந்தாள். விசில்.
பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள்,
என் முடிச்சு அவிழ்வதற்குள்.

சால்வை போட்ட அதிகாரி
"நம்ம மாவட்டத்துல கடலே இல்லையேம்மா" என்றார்.
"குவாரி இருக்குங்க" என்றாள்.

இந்தக் கோடையில் பஞ்சாயத்து
அந்தக் குவாரிக்கே மோட்டார் வைத்துவிட்டது.
புழங்கத் தண்ணீர். இறைத்து எடுத்துப் போவது நான்தான்.
அவள் நீந்த நீந்தச் சுவர் உயர்கிறது.
அறுபது மீட்டர் மட்டும் அப்படியே.
நேற்று ஹோஸ் வாயில்
அவளுடைய மஞ்சள் தொப்பி வந்து ஒட்டிக்கொண்டது.
மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பை நீட்டினேன்.
தொரட்டியை நான் இன்னும்
திரும்ப மாட்டவில்லை.