தெளியாத குவளை

நேற்று வரைக்கும் இறைச்சிதான் ஏற்றினேன்.
கோப்லென்ஸிலிருந்து ட்ரியர் மட்டும்
இரண்டு பாகைக் குளிரில்
கொக்கியில் ஆடி ஆடி வந்த பன்றிகள்
ஒவ்வொரு வளைவிலும்
முதுகுக்குப் பின்னால் ஒருமுறை தட்டும்.
மரக்கறிக்காரன் ஓட்டுகிற இறைச்சி வண்டி என்று
கிடங்கில் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும். வாடகை கட்டவேண்டும்.

இன்று ஞாயிறு. சைக்கிள்.
மோசல் ஆறு ப்ரெம் ஊருக்கு வந்ததும்
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல
வந்த பக்கமே திரும்பிப் போகிறது.
மேலே மலை. மலை என்றால்
நிமிர்த்திச் சாய்த்துவைத்த வயல்.
கொடிக்கு ஒரு கம்பு, காலடியில்
கருஞ்சாம்பல் பலகைக்கல்.
பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு
இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்குமாம்.
கூடை கட்டிய ஒருவன்
பக்கவாட்டில் இறங்குகிறான், நண்டு மாதிரி.

ஒரு வாசலில் கழி நட்டு
விளக்குமாறு தொங்கவிட்டிருந்தார்கள்.
கடை திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.
விளக்குமாற்றைக் கண்டு நான் உள்ளே போனது
வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இரண்டு மேசை, ஒரு வால்நட் மரம்,
முழங்கை வரை திராட்சைப் பிசுக்கோடு அன்னெலீஸ்.
முட்டை வேண்டாம், பால் வேண்டாம், வெண்ணெயும்,
சீஸும், பன்றிக்கொழுப்பு கட்டாயமாக...
சொல்லச் சொல்ல விரல் மடக்கினாள்.
ஒரு கை தீர்ந்ததும்
"அப்போ மிச்சம் தோட்டம்தான்" என்று
கத்தியோடு பின்பக்கம் போனாள்.

இரும்புச் சட்டியில் வந்தது
துருவிச் சுட்ட உருளைக்கிழங்கு,
உள்ளே லீக்ஸ், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை கூடிப்போய்.
கொடிகளுக்கிடையே தானாய் முளைத்த கீரை
வால்நட் எண்ணெயில் மினுங்கியது,
ஒரு மண்துணிக்கை பல்லில் நெரிந்தது.
பிறகு அந்தப் பீச் பழம்:
வெளியே எலித்தோல், வெட்டினால் பீட்ரூட்.
நான் சட்டியின் கருகிய விளிம்பைச் சுரண்டினேன்.
சத்தம் கேட்டு
பக்கத்து மேசைத் தம்பதி தங்கள் தட்டை விட்டுவிட்டு
என் தட்டைப் பார்த்தார்கள்.
சந்தோஷமாயிருந்தது. மறைப்பானேன்.

போன வருடத்து ரீஸ்லிங் ஒன்று ஊற்றினாள்.
தூக்கிப் பிடித்தால்
அக்கரையும் படகும் தலைகீழாக, துல்லியமாக.
வாய்க்குக் கொண்டுபோகையில்
"பொறு" என்றாள்.
"இதைத் தெளியவைத்தது ஒரு மீன்.
ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பை. அப்பாவின் பழக்கம்.
உள்ளே இப்போது மீன் இல்லை,
கசடைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்விட்டது.
ஆனால் வந்து போனது."

பத்து வருடம்.
எத்தனை போத்தல்.
எவ்வளவு தெளிவாக இருந்தேன் நான்.

குவளையை எடுத்துக்கொண்டு போய்
வேறொன்று கொண்டுவந்தாள்.
இந்த வாரம் பிழிந்தது, இன்னும் நொதிக்கிறது,
மூடியை இறுக்கினால் வெடிக்கும், அதனால்
தகரமூடியில் ஓட்டை.
கஞ்சித்தண்ணீர் நிறம், விளிம்பில் நுரை.
பார்த்தவுடன் உறவு தெரிந்தது:
கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"இதில் யாரும் கைவைக்கவில்லை" என்றாள்,
"ஈஸ்ட் மட்டும்."
ஈஸ்டுக்கு உயிர் உண்டா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

குடித்தேன். மூக்குக்குள் பொரிந்தது.
குவளைக்கு அந்தப் பக்கம்
ஆறு இல்லை, படகு இல்லை,
கலங்கல் வெளிச்சம், அவ்வளவுதான்.
இன்னொன்று கேட்டேன்.

சாரதி நான், இரண்டு குவளைக்கு மேல்
சைக்கிள்கூட ஓட்டமாட்டேன்.
எல்லர் நிலையம் வரைக்கும் உருட்டிக்கொண்டே நடந்தேன்.
வாங்கிய போத்தல் முதுகுப்பையில் நிற்கிறது.
படுக்கவைத்தால் ஒழுகிவிடும் என்றாள்.
நாளை நாலரைக்கு அலாரம்.
வளைவுகளில் அது தட்டவில்லை.
ஓட்டை வழியே
என் பிடரிக்குப் பின்னால்
மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டே வருகிறது.