பச்சைக்கு மேல் மஞ்சள்

கிழக்கே கடல். மேற்கே வட்டை.
நடுவில் ஒரு நாடாவைப் போல கல்முனை.
அலை வந்த வருடத்துக்குப் பிறகு
கரையோரம் ஒரு கோடு கீறி
இதற்கப்பால் வீடு இல்லை என்றார்கள்.
அன்றிலிருந்து ஊர்
மேற்கே தலை வைத்துப் படுக்கிறது.

நான் கோடு கீறுகிறவள்.
திட்டமிடல் பிரிவு, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கணினி.
ஈச்சந்துறை வட்டையின் வடக்குத் துண்டைப்
பச்சையிலிருந்து மஞ்சளாக்கியது இந்த விரல்தான்.
மூன்று செக்கன் போகவில்லை.
அதற்கு முன் பதினொரு கூட்டம்,
பற்றிஸ், பிளேன்ரீ.
வீட்டுக்காணி கூடினால் விலை குறையும் என்றார்கள்.
எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

விலை கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை.
அல்லது வந்து, பின்வரிசையில் இருந்து
யாருக்கோ போன் எடுத்துக்கொண்டிருந்தது.

அறிவித்தல் ஒட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே
அச்சிமுகம்மது காக்காவின் நாலு ஏக்கர்
வயல் விலைக்குக் கைமாறிவிட்டது.
அவருடைய வாப்பா அதை அவணத்தில் சொல்வாராம்,
எவ்வளவு விதைக்கலாம் என்று.
இவர் ஏக்கரில் விற்றார்.
வாங்கினவர்கள் பேர்ச்சஸில் விற்கிறார்கள்.

கவுன்டரில் வந்து நின்று கேட்டார்,
"புள்ள, என்ட வயல் இப்ப என்ன கலர்?"
உங்கட இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை.
மஞ்சள் என்றேன்.
"மஞ்சளா," என்றார். "அப்ப வெளஞ்சிட்டு."

எனக்கு இருபத்தொன்பது.
வீடு இல்லாமல் இங்கே மாப்பிள்ளை இல்லை.
என் மஞ்சளுக்குள்ளேதான் வாப்பா
எட்டுப் பேர்ச்சஸ் பார்த்து வைத்திருந்தார்.
அதே காசுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று ஆறு.
மறு கிழமை நாலரை.
நாலரையில் குசினி வைத்தால் கிணறு இல்லை.

"உனக்குத் தெரிஞ்சிருக்குமே மகள்,
ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்வதில்லை என்று
கையொப்பம் வைத்திருந்தேன் வாப்பா.
எங்கள் பிரிவில் அதை
வாசித்துவிட்டு வைத்தது நான் மட்டும்தான் போல.

மஞ்சளில் இடம் எட்டாதவர்கள்
இன்னும் மேற்கே, மாறாத பச்சைக்குள்
இரவில் கிறவல் கொட்டுகிறார்கள்.
வக்கடை அடைபட்டு,
மார்கழித் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று
வட்டைவிதானையிடம் கேட்கிறது.
அவர் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்.
நாங்கள் பதில் எழுதுவதற்குள்
அங்கே ஒரு லைட் கம்பம்,
பிறகு ஒரு கொங்கிறீட் றோட்டு,
பிறகு, இருக்கிற வீடுகளை என்ன செய்வது என்று
ஒரு கோவை.

அந்தக் கோவை நேற்று வந்தது. தெற்குத் துண்டு.
திங்கட்கிழமை முதல் கூட்டம்.
பற்றிஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று
வாப்பாவின் இலக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.
அழுத்த வேண்டிய பொத்தான்
பச்சை.