பத்துப் பேடும் ஒரு சேவலும்

பொதுநோக்கு மண்டபத்தில் வகுப்பு.
கால்நடை அலுவலகத்துத் துஷ்யந்தினி மிஸ்
ஒட்டுசுட்டானிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவா,
தலைக்கவசம் கழட்ட முன்னமே தொடங்கினா:
கோழிக்கு மூளையில்லை எண்டு ஆர் சொன்னது?
நூறு முகம் வரைக்கும் நினைவில் வைச்சிருக்குமாம்.
அப்ப என்ர கடன்காரனையும் அடையாளம் காட்டும்
எண்டா பாக்கியசோதி.

சேவல் கூவேக்க
அதன்ர காது தானாப் பாதி அடைபடுமாம்,
தன்ர சத்தத்தில தானே செவிடாகாமல்.
இதுக்குக் கனபேர் சிரிச்சம்.
சங்கத் தலைவர் யன்னல் பக்கம் பார்த்தார்.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தன்.
பத்துப் பேடும் ஒரு சேவலும் தருவினம்,
கம்பிவலை அரைச் சுருள்,
ஆறு மாசத்தால் வந்து எண்ணிப் பார்ப்பினம்.

முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சு
பொரிக்க ஒருநாள் முன்னமே கதைக்குமாம்,
தாய் வெளியில இருந்து மறுமொழி சொல்லுமாம்.
கோதுக்குச் சுண்ணாம்பு காணாட்டி
தன்ர எலும்பைக் கரைச்சுக் குடுக்குமாம்.
இதையும் எழுதுங்கோ எண்டா மிஸ்.
சிவகாமசுந்தரியக்கா பேனையை மூடி வைச்சா.
முழங்காலைத் தடவிக்கொண்டு,
"உது தெரியும் பிள்ளை, அடுத்ததைச் சொல்லுங்கோ."

அடுத்தது:
கீரி வந்தால் ஒரு சத்தம்,
பருந்து வந்தால் வேற சத்தம்.
நிலத்து ஆபத்துக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிக்கும்.
வானத்து ஆபத்துக்கு
அப்படியே குந்திப் பதுங்கும்,
தலையைச் சரிச்சு
ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும்.

ஒருத்தரும் எழுதேல்லை.
மின்விசிறி சுத்தினது.
பின் வாங்கில இருந்து ஆரோ
"எங்களுக்கு மூண்டு சத்தம் இருந்தது" எண்டா.
மிஸ் மாத்தளைப் பிள்ளை.
என்ன மூண்டு எண்டு ஆசையாக் கேட்டா.
வண்டு, கிபிர், ஷெல் எண்டு
விரல் மடக்கத் தூக்கின பாக்கியசோதி
மடக்காமல்,
"பிளேன்ரீ வந்திட்டுது மிஸ்" எண்டா.

இப்ப எட்டுப் பேடு நிக்குது.
ஒண்டைக் கீரி கொண்டு போனது. சேவல் கத்தினதுதான்,
நான் அடுப்படியால் ஓடிவரப் பிந்திப்போச்சு.
மற்றதை மகன்ர சோதினை முடிஞ்ச அண்டு சமைச்சன்.
படிவத்தில் அதையும் கீரி எண்டுதான் எழுதினது.

பொழுதுபட
முத்தையன்கட்டுப் பக்கத்துக் காட்டில்
காட்டுச்சேவல் கூப்பிடும்,
சிவத்தக் கொண்டைக்கு நடுவில மஞ்சள் பூசினது.
எங்கட சேவலும் விடாது, மறுமொழி குடுக்கும்,
காதைப் பாதி அடைச்சுக்கொண்டு.

மிஸ் கடைசியாச் சொன்ன ஒண்டை நான் நம்பேல்லை:
ஒரு கண்ணை மூடி, மற்றதைத் திறந்து
கோழியால் நித்திரை கொள்ள ஏலுமாம்,
மூளையில் பாதி உறங்க
பாதி காவல் இருக்குமாம்.
நேற்று இரவு டோர்ச் அடிச்சுப் பார்த்தன்.
கொப்பில் ஏழும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு.
கரையில இருந்த சாம்பல் பேடு மட்டும்
காட்டுப்பக்கத்துக் கண்ணை மூடேல்லை.
மிளகளவு கண்.
வெளிச்சத்துக்கு ஒருக்கால் சிமிட்டிப்போட்டு
நூறில ஒருத்தி எண்டு என்னைக் கண்ட மாதிரி
பேசாமல் இருந்தது.

"சரி, நீ பார்" எண்டு சொல்லிப்போட்டு
படலைக்குக் கம்பி சுத்தாமல் வந்து படுத்தன்.

விடிய எண்ணினன்.
எட்டு.