மடிப்பில் ஒரு மலை

கோல்பா ஆற்றோரம்
வரைபடத்தில் பச்சைக் கோடு:
"எளிது. முப்பத்தொரு கிலோமீட்டர்."

யெர்னேயா முன்னால்.
நான் ஒவ்வொரு கியராக இறங்கி
கடைசிப் பல்சக்கரத்துக்கும் கீழே
இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று
கட்டைவிரலால் துழாவிக்கொண்டிருக்கிறேன்.
பின்பையில் வெண்ணெய் உருகுகிறது.

இப்படியொரு ஏற்றம்
தாளில் இல்லவே இல்லை.
மடித்து மடித்து
வெளுத்துப்போன இடத்தில்
இருந்திருக்க வேண்டும்.

சரிவில் புல் வெட்டுகிறவர்
நீள அரிவாளை நிறுத்திக் கேட்கிறார்:
"ஆற்றைத் தேடியா மேலே போகிறீர்கள்?"

யெர்னேயா சிரித்த சிரிப்பில்
மிதியிலிருந்து கால் நழுவிவிட்டது.
இனி அவளும் தள்ளித்தான் வரவேண்டும்.

உச்சியில் நின்று பார்த்தோம்.
நாங்கள் விட்டுவந்த ஆறு
மலையை ஒரு சுற்றுச் சுற்றி
எங்களுக்கு முன்பே
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது,
மூச்சு வாங்காமல்.