காத்திருப்பு வட்டு

சொஹார் துறைமுகம். இரவு இரண்டரை.
வெளியே முப்பத்தாறு டிகிரி, உள்ளே பதினெட்டு.
சர்வர் அறைக்கென்று ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன்.
ஓமானில் ஸ்வெட்டர் என்றால் வீட்டில் நம்புவதில்லை.

மொத்தம் எட்டு வட்டுகள்.
ஏழு வட்டுகளைக் கோத்து
ஒரே டிரைவாகக் காட்டச் சொல்கிறேன்.
ரெய்டு ஆறு: இரண்டு செத்தாலும்
சரக்குக் கணக்கு சாகாது.
பெயர் கேட்கிறது திரை.
'கஸ்டம்ஸ் இரண்டு' என்று தட்டுகிறேன்.
'இதிலுள்ள எல்லாம் அழியும். சம்மதமா?'
சம்மதம் என்று இதுவரை
எத்தனை முறை சொல்லியிருப்பேன், யார் யாருக்கோ.

எட்டாவதை ஹாட் ஸ்பேர் ஆக்குகிறேன்.
எழுத ஒன்றும் இல்லாமல்
அதுவும் சுற்றும், பச்சை விளக்கோடு,
பக்கத்தில் ஒன்று மஞ்சளாகும்வரை.

ஜெபநேசனின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
அவரை அனுப்பிய மறுநாள் என் விசா வந்தது.
டிராயரில் அவருடைய தைலம், பாதி தீர்ந்தது.
ஹிலால் இன்னும் சில நேரம்
என்னை அவர் பெயரால் கூப்பிடுகிறார்;
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

இனிஷியலைஸ், நான்கு சதவீதம்.
விடிவதற்குள் முடியாது.
குளிரில் தலை வலிக்கிறது.
டிராயரைத் திறந்து
மூடிவிட்டு
மறுபடி திறக்கிறேன்.