ஷீட் கிடந்த முறி

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது:
எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள்?
டென்னிசன் பேனாவை என் பக்கம் தள்ளினார்.
எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன்.
ஷகீலா மேடம் சிரித்தார்:
"அத விடுங்க. அது எங்களுக்கே தெரியாது."

பிறகு முறியை ஒழித்தோம்.
பதினொரு வருஷம் ரப்பர் ஷீட் காயப்போட்ட முறி.
கொடிகளை அவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கி,
சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பினாயில் மூன்று குப்பி,
என்ன செய்தும் போகாத அந்தப் புளித்த புகைநாற்றம்.
பார்க்க வந்த குழு ஜன்னலை எண்ணியது,
கிணற்றுக்கு மூடி உண்டா என்று கேட்டது,
மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்திட்டது.

பயிற்சி நாகர்கோவிலில், இரண்டு நாள்.
மதியம் தயிர்சாதப் பொட்டலம்.
'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லக்கூடாது என்றார்கள்.
'இனி இதுதான் உன் வீடு' என்றும் கூடாது.
வேறென்ன சொல்வது என்று குறிப்பேட்டில் தேடினேன்;
அந்தப் பக்கம் முழுக்க ஊறுகாய் எண்ணெய்.

அழைப்பு வந்தது ஐப்பசி மழையில்,
இரவு ஒன்று நாற்பதுக்கு.
"பேச்சிப்பாறைப் பக்கம். அண்ணன் ஒன்பது, தங்கச்சி மூணு.
எடுப்பீங்களா?"
எதற்கும் நான் அவ்வளவு வேகமாய்
ஆம் சொன்னதில்லை.
சொன்ன பிறகு கை நடுங்கி
பானை மூடியை எங்கோ வைத்துத் தொலைத்தேன்.

ஜீப்பிலிருந்து இறங்கினான்,
தங்கையை இடுப்பில் இடுக்கி, விரலில் ஒரு பை தொங்க.
என்னைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தான்:
உள்ளேயா, வெளியேயா.
உள்ளேதான், என்றேன். நீயே போட்டுக்கலாம்.
இது பயிற்சியில் இல்லை.

மரச்சீனி அவித்தது இருந்தது, மீன்கறி இருந்தது.
தங்கைக்கு முள் எடுத்து ஊட்டினான், தான் தின்னவில்லை.
காலையில் விரிப்பை மடக்கும்போது
தலையணை உறைக்குள் எட்டுத் துண்டு மரச்சீனி.
டென்னிசன் எடுக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.
மறுநாளிலிருந்து ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு
அந்த முறியிலேயே வைத்தேன்.
எறும்பு வந்தது. வரட்டும்.

நாலு மணிக்கு எழுந்துவிடுவான், தினமும்.
இருட்டில் எதையோ தடவுவான்.
மூன்றாம் நாள்தான் கேட்டேன், என்ன மக்ளே தேடுதே?
"ஹெட்லைட்டு."
அம்மைக்கு வெளிச்சம் பிடிக்கணும், இல்லேன்னா
பட்டையில கத்தி ஆழமா போயிரும்,
மரம் காஞ்சிரும்.
எங்களிடம் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு.
பிறகு மூக்கை உறிஞ்சி,
"இந்த முறியில ஷீட்டு கெடந்துதா?"
கெடந்துது, என்றேன், பிடிபட்டவள் போல.
"எங்க வீட்டு மணம்" என்று சொல்லி
சுவர்ப்பக்கம் திரும்பி உறங்கினான்,
அன்று ஏழரை வரை.

அம்மை எங்கே என்று அவன் கேட்கவில்லை.
ஆசாரிப்பள்ளத்தில் எந்த வார்டு என்று எனக்குத் தெரியும்.
கேட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தைப்
பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன்.
அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் அருமனையிலிருந்து சித்தி வந்தாள்,
காகிதங்களோடு, முத்திரையோடு.
ஒப்படைப்புப் படிவத்தில் மேடம் எழுதினார்:
உடுப்பு நான்கு ஜோடி, பாடநூல், சீப்பு.
தங்கை டப்பாவைத் தரமாட்டேன் என்று பிடித்திருந்தாள்.
அதையும் எழுதினார்: டப்பா ஒன்று, மூடியுடன்.

அவன் ஜீப்பில் ஏறினான், இறங்கினான்,
திரும்ப வீட்டுக்குள் ஓடினான்.
முறிக்கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழும் சத்தம்.
ஒரு நிமிஷம் இருக்கும். யாரும் தட்டவில்லை.

வெளியே வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான். சொல்லக்கூடாதவை இரண்டும்
வாய்க்குள்ளேயே நின்றன.

சார்ஜரைக் கட்டில் பக்கம் மாற்றியிருக்கிறேன்.
டென்னிசன் குலசேகரத்திலிருந்து
ஹெட்லைட் ஒன்று வாங்கி வந்தார், பெல்ட் சின்னதாய்.
அடுத்து வருகிறது
பால்வெட்டுக்காரி பிள்ளையாய் இருக்கணுமா என்ன, என்றேன்.
"கெடக்கட்டு" என்று சுவரில் மாட்டினார்,
பிடுங்க மறந்த ஓர் ஆணியில்.